பவர் பிரஸ்ஸில் விரல்கள் ஏன் போகின்றன? எப்படித் தடுப்பது?

‘தனியார் ஆலையில் இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளியின் விரல்கள் துண்டாகின’ என்று நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வரும். கடைசி வரியில் பெரும்பாலும் ‘கவனக்குறைவு’ என்ற சொல் இருக்கும். அதோடு செய்தி முடிந்துவிடும். எந்த மிஷின், என்ன கிளட்ச், கார்டு என்ற தடுப்பு இருந்ததா, டை என்ற அச்சை மாற்றி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. விபத்துக்கான காரணமோ அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

வேலையிடத்தில் கைக்கு வரும் ஆபத்துகள் பல. தீக்காயம், அமிலம், வெட்டு, மின்சாரம் என்று அடுக்கலாம். இங்கே ஒரே ஒரு மிஷினை மட்டும் எடுத்துக்கொள்வோம். குருகிராம், மானேசர், ஃபரீதாபாத் வட்டாரத்தில் காயமடையும் ஆட்டோ உதிரிபாகத் தொழிலாளர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. விரல் பறிக்கும் மிஷின்களில், உலோகத் தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ்தான் முதலிடம் என்று அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதே மிஷின் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் ஓடுகிறது. வாஷர், பிராக்கெட், மோட்டார் ஸ்டாம்பிங், பாத்திர மூடி எல்லாம் அதில்தான் வெட்டி எடுக்கப்படுகின்றன.

பிரஸ் எப்படி வேலை செய்கிறது

கேள்விப்பட்டிருந்தாலும் கிட்டத்தில் போய்ப் பார்க்காதவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

மிஷினின் பக்கவாட்டில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் ஃபிளைவீல். மோட்டார் அதைச் சுற்றவைக்கிறது. அடிக்கும் விசை முழுவதும் அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கிறது. ஃபிளைவீலை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் வேலை. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ராம் என்ற அடிக்கும் பாகம் ஒருமுறை கீழே இறங்கி மேலே ஏறும். இதற்கு ஒரு ஸ்ட்ரோக் என்று பெயர். ராமின் அடியில் பஞ்ச் அல்லது மேல் டை இருக்கும். மேஜையில் கீழ் டை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஷீட், அதாவது உலோகத் தகடு, வைக்கப்படும். கை போகும் இடமும் அந்த நடுவெளிதான்.

ஆபரேட்டர் இடது கையால் ஷீட் துண்டை வைத்து, காலால் பெடலை மிதித்து, அடித்த பீஸை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த துண்டை வைக்கிறார். பழைய பிரஸ் ஷாப்களில் நாள் முழுக்க நடப்பது இதுதான். கை உள்ளே போவதும் வெளியே வருவதும், கால் அமுக்குவதும் ஒரே தாளத்தில் ஓடும்.

‘கவனமா இரு’ என்பது ஏன் தடுப்பு ஆகாது

ஒரு எளிய கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 15 பீஸ் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 900 ஆகிறது. 8 மணி நேர ஷிஃப்டில் 7,200. ஓ.டி. சேர்த்து 12 மணி நேரம் நின்றால் 10,800. அதாவது ஒரே நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஒரு மனிதனின் விரல்கள் டைக்கு நடுவே போய் வருகின்றன.

பத்தாயிரம் முறையில் 9,999 முறை சரியாகச் செய்பவரை யாரும் கவனக்குறைவானவர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மிஷினில் நிற்பவருக்கு அந்த ஒரு தவறு நாளுக்கு ஒருமுறை வரும். பெரும்பாலான நாட்களில் கை நூலிழையில் தப்பும். ஒருநாள் தப்பாது.

இன்னொரு கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் அடிக்கும் பிரஸ்ஸில் ராம் மேலிருந்து கீழே வர அரை நொடிதான் ஆகும். பாதுகாப்புக் கணக்குகளில் மனிதக் கையின் வேகத்தை நொடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 30 செ.மீ. தள்ளியிருக்கும் கை 0.2 நொடிக்குள் டைக்குள் போய்விடும். ஷீட் கொஞ்சம் கோணலாக இருப்பதைக் கண் பார்க்கிறது. கை தானாகவே நேராக்கப் போகிறது. கால் ஏற்கனவே மிதித்துவிட்டது. யோசித்துக் கையை இழுக்க அந்த அரை நொடியில் நேரமில்லை. கோணலான பீஸை நேராக்கும் இந்தப் பழக்கம் நல்ல வேலைக்காரரிடம்தான் அதிகம் இருக்கும். பீஸ் வீணாகக் கூடாது என்ற அக்கறையில் போகும் கை அது. அதைக் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். கை தவறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டு, தவறினாலும் விரல் போகாதபடி மிஷின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வகை கிளட்ச்: எல்லாம் இதைப் பொறுத்தது

இந்த விஷயத்தில்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. மெக்கானிக்கல் பிரஸ்களை கிளட்ச்சை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம்.

1. கீ கிளட்ச். ரோலிங் கீ, பின் கிளட்ச் போன்றவை இந்த வகை. பெடலை மிதித்ததும் ஒரு கீ திரும்பி ஃபிளைவீலின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஷாஃப்ட் ஃபிளைவீலோடு பூட்டிக்கொண்டு முழுச் சுற்று சுற்றியே தீரும். மேலே வந்த பிறகுதான் கீயின் வால் ஸ்டாப்பரில் தட்டி விலகும். நடுவில் நிறுத்த வழி கிடையாது. யார் கத்தினாலும், எந்தப் பட்டனைத் தட்டினாலும், கரண்டே போனாலும் அந்த ஸ்ட்ரோக் முடிந்துதான் நிற்கும்.

2. காற்றழுத்த கிளட்ச். நியூமேட்டிக் பிரஸ் என்று ஷாப்பில் சொல்வார்கள். காற்று வந்தால் கிளட்ச் பிடிக்கும். காற்றை வெளியேற்றினால் கிளட்ச் விட்டுப் பிரேக் பிடிக்கும். ராம் பாதி வழியில் இருந்தாலும் நிறுத்த முடியும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் பாதுகாப்புக் கருவி வாங்குவது பணத்தையும் விரலையும் சேர்த்து இழக்கும் வழி. ‘சென்சார் போட்டுட்டோம்’ என்பார்கள். சென்சார் என்று ஷாப்பில் சொல்வது லைட் கர்ட்டனை. டைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களால் ஒரு திரை. கை குறுக்கே போனால் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கட்டளை அனுப்பும். காற்றழுத்த பிரஸ்ஸில் இது அருமையாக வேலை செய்யும். கீ கிளட்ச் பிரஸ்ஸில் இறங்கத் தொடங்கிவிட்ட ராமுக்குக் கட்டளை போய்ச் சேர வழியே இல்லை. சென்சார் சிவப்பு விளக்கு காட்டும், ராம் இறங்கிக்கொண்டே இருக்கும். சென்சார் இருக்கிறது என்ற தைரியத்தில் கை இன்னும் தாராளமாக உள்ளே போகும் என்பதால், ஒன்றுமே இல்லாத மிஷினைவிட இது மோசம். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில், கீ கிளட்ச் போன்ற முழுச்சுற்று கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்கு இப்படிப்பட்ட ஒளித்திரையை ஏற்பதில்லை.

கீ கிளட்ச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. கீயின் விளிம்பு தேய்ந்தால், ஸ்பிரிங் உடைந்தால், பிரேக் பட்டையில் ஆயில் பட்டால், மேலே வந்த ராம் நிற்காமல் மறுபடி இறங்கும். இதற்கு டபுள் ஸ்ட்ரோக் என்று பெயர். ஆபரேட்டர் பீஸை எடுக்கக் கை விட்ட சமயம் அது. பெடலிலிருந்து கால் எடுத்தாகிவிட்டது, ராம் மேலே போய்விட்டது, எல்லாம் சரியாக நடந்ததை அவர் கண்ணால் பார்த்தார். இருந்தும் கை போகிறது. ‘மிதிக்கவே இல்லை, தானா விழுந்துச்சு’ என்று தொழிலாளி சொன்னால் நம்புங்கள். மிஷினைக் கழற்றிப் பார்க்காமல் அவர் சொல்வதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

விபத்து நடக்கும் தருணங்கள்

ஓட்டத்தின் நடுவில் நடப்பவை மேலே சொன்னவை. மற்றவை பெரும்பாலும் இந்த நேரங்களில் வருகின்றன:

1. பீஸ் டையில் ஒட்டிக்கொள்ளும்போது. ஆயில் பூசிய ஷீட் மேல் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு போகும். அதை நகத்தால் நெம்பி எடுக்கப் பார்ப்பார்கள்.

2. டை மாற்றும்போது. டையைப் பொருத்தும் செட்டர் கார்டைக் கழற்றி வைத்திருப்பார். ராமைக் கையால் சுற்றிக் கீழே கொண்டுவருவார். ஹெல்பர் பெடலுக்குப் பக்கத்தில் நிற்பார்.

3. மோட்டாரை அணைத்த பிறகு. இது பலருக்கும் தெரியாது. சுவிட்சை அணைத்தாலும் ஃபிளைவீல் உடனே நிற்காது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் ராம் முழு விசையோடு அடிக்கும். மோட்டார் சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்து டையைத் துடைப்பவரின் கை போவது இப்படித்தான்.

4. பெடல் மேல் எதாவது விழும்போது. மூடி இல்லாத பெடலில் ஸ்பேனர் விழுந்தாலும் போதும், பக்கத்தில் நடந்து போகிறவரின் கால் இடறினாலும் போதும்.

நாலாவதுக்கான தீர்வு மிகச் சுலபம். பெடலின் மேலும் பக்கங்களிலும் தகடு வளைத்து, முன்பக்கம் மட்டும் கால் நுழையும்படி ஒரு கூண்டு வைத்தால் போதும். பிரஸ் ஷாப்பில் தகட்டுக்குப் பஞ்சமே இல்லை. மூடியில்லாத பெடலோடு ஒரு மிஷின் ஓடினால் அதற்கு நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்க மாட்டேன்.

எந்த மிஷினுக்கு எந்தத் தடுப்பு

முதலில் கீ கிளட்ச். இதை நிறுத்த முடியாது என்பதால், கை உள்ளே போகவே முடியாதபடி செய்வதுதான் வழி.

1. மூடிய டை. டையைச் சுற்றிக் கம்பி அல்லது அக்ரிலிக் கொண்டு நிலையான கார்டு. ஷீட் நுழைய மட்டும் இடைவெளி. டைக்கு மிக அருகில் அந்த இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் விரல் நுனி நுழையும். பட்டையாக வரும் ஷீட்டை அடிக்கும் வேலைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

2. தள்ளுதட்டு அல்லது சரிவு. தனித்தனித் துண்டாக வைத்து அடிக்கும் வேலையில், வெளியே நின்று ஒரு தட்டில் பீஸை வைத்து உள்ளே தள்ளலாம். அடித்த பீஸைக் காற்றடித்து வெளியேற்றலாம். கை வெளியிலேயே இருக்கும்.

3. கதவு கார்டு. கதவு மூடினால்தான் கிளட்ச் பிடிக்கும். ஸ்ட்ரோக் முடிந்து ராம் நின்ற பிறகுதான் கதவு திறக்கும்.

4. மணிக்கட்டு வார். இரண்டு கைகளிலும் கட்டிய வார் ராமோடு கேபிளால் இணைந்திருக்கும். ராம் இறங்கினால் கையை வெளியே இழுத்துவிடும். டபுள் ஸ்ட்ரோக் அடித்தாலும் இழுக்கும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் ஆள் மாறும்போதும் டை மாறும்போதும் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். வாரைக் கட்டிக்கொண்டு நிற்பது மாட்டைக் கட்டியதுபோல இருக்கிறது என்று தொழிலாளர்கள் வெறுப்பதும் நியாயம்தான். முதல் மூன்றும் முடியாத இடத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

‘இரண்டு கைப் பட்டன் வைத்தால் போதாதா’ என்ற கேள்வி எப்போதும் வரும். இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால் டைக்குள் எப்படிப் போகும் என்பது சரியாகத்தான் தோன்றும். ஆனால் பட்டனை விட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கீ கிளட்ச்சில் பட்டனை அமுக்கியதும் உடனே ராம் இறங்காது. கீ போய்ப் பொருந்த ஃபிளைவீலின் பள்ளம் சுற்றி வரவேண்டும். ஒரே ஒரு பள்ளம் என்றால் மோசமான நிலையில் ஒரு முழுச் சுற்று காத்திருக்க நேரும். பிறகு இறங்க அரைச் சுற்று. மொத்தம் ஒன்றரைச் சுற்று. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் பிரஸ்ஸில் இது 1.5 நொடி. கையின் வேகமான 1.6 மீட்டரால் பெருக்கினால் 2.4 மீட்டர் வரும். அதாவது பட்டன்கள் டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருந்தால்தான் கணக்கு சரி! மிஷினின் உடம்பிலேயே, டையிலிருந்து இரண்டடி தள்ளிப் பட்டன் பொருத்தியிருக்கும் மெதுவான கீ கிளட்ச் பிரஸ் எதையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. பட்டனை அமுக்கிவிட்டுக் கையை டைக்குள் கொண்டுபோக அங்கே தாராளமாக நேரம் இருக்கிறது.

காற்றழுத்த பிரஸ்ஸில் கணக்கு வேறு. அங்கே மிஷின் நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதே முக்கியம். லைட் கர்ட்டனை வைக்க வேண்டிய தூரம்:

தூரம் = கையின் வேகம் × மொத்தமாக நிற்க எடுக்கும் நேரம் + கூடுதல் தூரம்

இதற்கான சர்வதேசத் தரக் கணக்கில், அருகில் வைக்கும் திரைக்குக் கையின் வேகம் நொடிக்கு 2,000 மி.மீ. என்று இன்னும் கறாராக எடுத்துக்கொள்வார்கள். விரலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நெருக்கமான, 14 மி.மீ. திறன் கொண்ட திரை என்றால் கூடுதல் தூரம் பூஜ்யம். மிஷின் நிற்க 0.2 நொடி ஆகிறது என்றால் 400 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். கதிர்களுக்கு இடையே இடைவெளி அதிகமுள்ள மலிவான திரை என்றால் விரல் அதில் படாமல் கொஞ்ச தூரம் நுழையும். அதற்காக இன்னும் பின்னால் தள்ள வேண்டும்.

பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். 0.2 நொடி 0.24 ஆனால் தூரம் 480 மி.மீ. ஆக வேண்டும். திரையோ போன வருடம் வைத்த 400-லேயே இருக்கும். நிற்கும் நேரத்தை அளக்காத லைட் கர்ட்டன் வெறும் விளக்குதான்.

இந்த வகை பிரஸ்ஸில் இரண்டு கைப் பட்டனும் நல்ல தடுப்பு. ஆனால் இரண்டையும் அரை நொடி இடைவெளிக்குள் சேர்த்து அமுக்கினால்தான் ஓட வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அமுக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு பட்டனில் மரக்குச்சியைச் சொருகிக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பீஸ் கணக்கில் கூலி, மணிக்கு இத்தனை அடிக்க வேண்டும் என்ற டார்கெட், கார்டு வேகத்தைக் குறைக்கிறது. குச்சியைச் சொருகியது தொழிலாளியின் கை என்றாலும், சொருகவைத்தது அந்தக் கணக்கு. கார்டு போட்ட மிஷினுக்கு எத்தனை பீஸ் வரும் என்று புதிதாக அளந்து டார்கெட்டை மாற்றாத வரை குச்சி திரும்பத் திரும்ப வரும்.

கையுறை பற்றி

கை பாதுகாப்பு என்றதும் முதலில் கையுறையைத்தான் வாங்குகிறார்கள். ஷீட்டின் பிசிறு கிழிக்காமல் இருக்க அது தேவை. வெட்டுத் தாங்கும் கையுறைகளுக்கு ஐரோப்பிய இ.என். 388 தரத்தில் குறியீடுகள் உண்டு, பார்த்து வாங்கலாம். ஆனால் பல டன் விசையோடு இறங்கும் ராமுக்குக் கையுறையும் தோலும் ஒன்றுதான்.

டிரில்லிங் மிஷின், லேத் போலச் சுழலும் மிஷின்களில் கையுறை போடவே கூடாது. நூல் சுற்றிக்கொண்டு கையை இழுத்துவிடும். விரல்களுக்குள் தசை கிடையாது. அவற்றை மடக்கவும் நீட்டவும் செய்யும் தசைநாண்கள் முன்கையிலிருந்து வருகின்றன. சுழலும் மிஷின் விரலைப் பிய்க்கும்போது தசைநாணும் முன்கையிலிருந்து உருவிக்கொண்டு வரும். அதை மறுபடி பொருத்துவது மிகக் கடினம். மோதிரம், கைக்கயிறு, வளையலுக்கும் இதே விதிதான்.

டை மாற்றிய பிறகு யார் கையெழுத்துப் போடுகிறார்?

நல்ல கார்டு உள்ள ஷாப்பிலும் விபத்து நடக்கிறது. காரணம், டை மாற்றக் கழற்றிய கார்டு திரும்ப மாட்டப்படுவதில்லை. பிரிட்டனில் இதை ஒரு விதியால் பிடித்தார்கள். 1965-இல் பவர் பிரஸ்ஸுக்கென்றே தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தார்கள். அதன் சாரம் இன்றும் அங்கே நடப்பில் உள்ள 1998 விதிகளில் இருக்கிறது: டையைப் பொருத்திய பிறகும், ஒவ்வொரு ஷிஃப்டின் முதல் 4 மணி நேரத்துக்குள்ளும், பயிற்சி பெற்ற ஒருவர் கார்டைச் சோதித்துப் பெயரோடு கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பிரஸ்ஸை ஓட்டக் கூடாது.

செலவில்லாத விதி இது. நம் ஊர் ஷாப்பில் இதைத் தொடங்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். டை மாற்றும்போது செய்யவேண்டியதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்:

1. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடு. சாவி செட்டரின் பையில்.
2. ஃபிளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திரு. கண்ணால் பார்.
3. ராமுக்கும் மேஜைக்கும் நடுவில் முட்டுக்கட்டை வை.
4. வேலை முடிந்ததும் கட்டையை எடு, கார்டை மாட்டு, கை வைக்காமல் பத்து ஸ்ட்ரோக் வெறுமனே அடித்துப் பார்.
5. மேலே வந்து நிற்கும் இடம் கொஞ்சமாவது தள்ளிப் போனால் ஓட்டாதே. பிரேக்கையும் கீயையும் பார்.

ஐந்தாவது வரியைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். டபுள் ஸ்ட்ரோக் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. ராம் உச்சியில் நிற்காமல் ஓரிரு அங்குலம் வழுக்கி நிற்க ஆரம்பிக்கும், ‘டக்’ என்ற சத்தம் மாறும். தினமும் அந்த மிஷினில் நிற்பவருக்கு அது முதலிலேயே தெரியும். அவர் சொன்னால் மிஷினை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி.

விரல் துண்டானால்

தடுப்பு தவறிய நாளில் முதல் பத்து நிமிடம் முக்கியம்.

காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்த வேண்டும். மஞ்சள், காபித்தூள், கிரீஸ் எதுவும் கூடாது. துண்டான விரலைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும். குளிர்வித்த விரலைச் சுமார் 24 மணி நேரம்வரைகூடச் சேர்க்க முயலலாம், குளிர்விக்காவிட்டால் 12 மணி நேரம். மணிக்கட்டோடு போனால் தசையும் இருப்பதால் அவகாசம் இதில் பாதிதான்.

பிரஸ்ஸில் நசுங்கிய விரலை ஒட்டவைப்பது தகடு வெட்டும் ஷியர் மிஷினில் நேராக வெட்டுப்பட்டதைவிடக் கடினம். இருந்தாலும் நசுங்கியது என்று தூக்கி எறியக் கூடாது. அதிலிருந்து தோலையோ எலும்பையோ வேறு விரலுக்குப் பயன்படுத்த முடியும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் இதில் பெயர் பெற்றது. பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டு முடித்துவிடாமல், இப்படிப்பட்ட இடத்துக்கு முதலிலேயே போன் செய்துவிட்டுக் கொண்டுபோவது நல்லது.

சட்டம் விரலை எப்படி எண்ணுகிறது

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) சட்டமும் ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் திறன் இழப்பு இவ்வளவு என்று ஒரு சதவீதம் வைத்திருந்தன. கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆட்காட்டி விரல் 14, நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. நான்கு விரல்களும் போனால் 50. மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60. இந்தச் சதவீத முறை 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. இது வலது கை, இடது கை என்று பார்ப்பதில்லை.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளியின் ஆட்காட்டி விரல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தினக்கூலி 500. அதில் 90 சதவீதம் 450. அதில் 14 சதவீதம் 63 ரூபாய். மாதத்துக்குத் தோராயமாக 1,890 ரூபாய் வாழ்நாள் முழுதும் வரும். சிகிச்சையில் இருக்கும் நாட்களுக்குத் தனியாகக் கூலியில் 90 சதவீதம் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இது பொருந்தும், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்கு இல்லை.

தடுப்புப் பற்றிய கடமையைத் தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 21-ஆவது பிரிவு தெளிவாகச் சொன்னது. மிஷினின் ஆபத்தான பாகங்களை உறுதியான தடுப்பால் மூட வேண்டும், அவை இயங்கும் நேரமெல்லாம் தடுப்பு அதனிடத்தில் இருக்க வேண்டும். இப்போது நிலவும் குழப்பம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் வந்தது. மின்விசையோடு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். பணியிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்பு அதை 20 ஆக்கியிருக்கிறது. 10 பேர் உள்ள நிறுவனங்களுக்கும் தொகுப்பின் பொதுவான கடமைகள் பொருந்தும். ஆனால் தொழிற்சாலை என்ற வகைக்குள் வரும் கட்டுப்பாடுகளிலிருந்து 10 முதல் 19 பேர் வரை உள்ள பிரஸ் ஷாப்கள் நழுவுகின்றன. பெரிய கம்பெனிக்கு வாஷர் அடித்துக் கொடுக்கும் ஷாப்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. பழைய கீ கிளட்ச் மிஷின்கள் அதிகம் ஓடுவதும் அங்கேதான். அபராதம் கூடியிருக்கிறது, விதிமீறலால் பலத்த காயம் ஏற்பட்டால் 2 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய்வரை. அதில் பாதிக்குக் குறையாத தொகையைக் காயமடைந்தவருக்குத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. ஆனாலும் சோதனைக்கு ஆள் வராத ஷாப்பில் அபராதம் எவ்வளவு இருந்தால் என்ன?

கடைசியாக அந்தச் சொல்லுக்கே திரும்புவோம். கவனக்குறைவு. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51-பி பிரிவு, தொழிலாளி விதியையோ உத்தரவையோ மீறிச் செயல்பட்டபோது விபத்து நடந்திருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலைதான் என்றால் வேலை விபத்தாகவே கருத வேண்டும் என்றது. இ.எஸ்.ஐ.யில் இல்லாமல் 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு நிலைமை வேறு. பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபித்தால், சாவும் முழு ஊனமும் அல்லாத காயத்துக்கு இழப்பீட்டை மறுக்க முதலாளிக்கு வழி இருந்தது. ‘கார்டைக் கழற்றியது அவர்தான்’ என்ற ஒரு வரி விபத்து அறிக்கையில் ஏறுவதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

எனவே அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும்போது வலியோடு படுத்திருப்பவருக்காக உடன் வேலை செய்பவர் ஒருவராவது அதைப் படித்துப் பார்க்க வேண்டும். மிஷினின் எண், கிளட்ச் வகை, அன்று கார்டு இருந்ததா, கடைசியாக டை மாற்றியது யார், எத்தனை மணிக்கு, ராம் வழுக்குவதாக முன்பே யாராவது சொன்னார்களா. இவை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிந்தால் மிஷினைச் சரிசெய்வதற்கு முன் போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை போனால் அதில் புதுக் கார்டு மாட்டியிருக்கக்கூடும்.